வேகமான கார், ஓட்டச் சுகமான கார்: இரண்டில் எதை எடுப்பது?

கேள்வி இதுதான். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு பழைய கார்கள் கிடைக்கின்றன. ஒன்று இரட்டை டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி), நான்கு சக்கர இழுவை, 500 குதிரைத்திறனை ஒட்டிய கூபே, அதாவது நிலையான கூரையுள்ள இரண்டு கதவுக் கார். நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்றரை வினாடியில் எட்டிவிடும். இன்னொன்று ஆயிரம் கிலோ சொச்சம் எடையுள்ள, 180 குதிரைத்திறன் ரோட்ஸ்டர், அதாவது கூரையைத் திறக்கக்கூடிய, இருவர் உட்காரும் கார். அதே வேகத்துக்கு ஆறரை வினாடி எடுத்துக்கொள்ளும். ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்களில் பலரும் இரண்டாவதைத்தான் கொண்டாடுகிறார்கள். இது உண்மையா, இல்லை வேகமான காரை வாங்க முடியாதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதா?

உண்மைதான். ஆனால் "எடை குறைவு, மேனுவல் கியர், பழைய கார் உணர்வு" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த வேகத்தில் ஓட்டுபவருக்கு வேலை ஆரம்பிக்கிறது, செய்த வேலை சரியா தப்பா என்பதைக் கார் எவ்வளவு தெளிவாகத் திருப்பிச் சொல்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் எந்த ஸ்போர்ட்ஸ் காரையும் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் மிக வேகமான சில கார்களும் தேறும், மெதுவான சில கார்கள் தேறாது.

முதலில் அந்த மூன்றரை வினாடியை எடுத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 27.8 மீட்டர். அதை மூன்றரை வினாடியில் எட்ட, சராசரியாக 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு) முடுக்கம் வேண்டும். உடம்பைச் சீட்டோடு சேர்த்து அழுத்தும் அளவு அது. அதை வரவழைக்க நீங்கள் செய்ய வேண்டியது என்ன? நின்ற இடத்திலிருந்து பாய்வதைக் கணினியிடம் விடும் லாஞ்ச் கண்ட்ரோலை ஆன் செய்து, இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, பிரேக்கை விட வேண்டும். மீதியை எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். பல வருடம் ரேஸ் ஓட்டியவர் செய்தாலும், அன்றுதான் அந்தக் காரில் ஏறியவர் செய்தாலும் கிடைக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. முதல் தடவை மூச்சே நின்றுவிடும் போலிருக்கும். சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகிவிடும். அப்புறம் அதே கிளர்ச்சி வேண்டுமென்றால் அதைவிட வேகமான கார்தான் தேவைப்படும்.

பொதுச் சாலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று, நான்கு வினாடி முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலே பெரும்பாலான சாலைகளின் வேக வரம்பு முடிந்துபோகும். எஞ்சின் தன் முழுச் சக்தியோடு ஓடும் நேரம் அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அந்த 500 குதிரைகளையும் பிடித்து நிறுத்திக்கொண்டு போக வேண்டும்.

வளைவுக்கு வந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஐம்பது மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண டயர் 0.8 ஜி வரை பக்கவாட்டில் பிடித்து நிற்கும் என்றால், அந்த வளைவில் அந்தக் காரின் எல்லை மணிக்கு ஏறக்குறைய 71 கிலோமீட்டர். ட்ராக்குக்காகவே செய்த, மென்மையான ரப்பர் கொண்ட அகலமான டயர் 1.1 ஜி வரை தாங்கும் என்றால் எல்லை 84-ஐ நெருங்கும். வளைவின் ஆரம் இரண்டு மடங்கானால் இந்த எண்கள் 101 என்றும் 118 என்றும் ஆகும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், இரண்டாவது கார் எல்லையைத் தாண்டி வழுக்கினால் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 37 சதவீதம் கூடுதல் ஆற்றலோடு வழுக்கும். அதன் எடையும் கூடுதல் என்றால் கேட்கவே வேண்டாம்.

பிடிமானம் கூடக் கூட, டயர் பேச ஆரம்பிக்கும் வேகமும் கூடிக்கொண்டே போகும். நல்ல டயர் திடீரென்று விட்டுவிடாது. முதலில் கொஞ்சம் நெளியும், அப்புறம் லேசாக நழுவும், அதற்கும் பிறகுதான் விடும். ஓட்டும் சுகத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. 70 கிலோமீட்டரில் இந்த இடைவெளிக்குள் நுழையும் காரில் நீங்கள் தினமும் அதை அனுபவிக்கலாம். 120-ல் நுழையும் கார் பொதுச் சாலையில் தண்டவாளத்தில் போவதுபோல் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவீர்கள், அது திரும்பும், அதற்கு மேல் அங்கே எதுவும் நடக்காது.

டொயோட்டா 86-ஐ வடிவமைத்தவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். 2012-ல் வந்த அந்தக் காருக்குத் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா. இரண்டு லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை. பல சந்தைகளில் அதற்குப் போட்ட டயர் 215 மில்லிமீட்டர் அகலமுள்ள மிஷெலின் பிரைமசி. ஸ்போர்ட்ஸ் கார் டயரே அல்ல, அமைதியாக ஓடும் குடும்பக் கார்களுக்கான டயர். பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அப்போது பலர் திட்டினார்கள். ஆனால் ஈரமான ரவுண்டானாவில் நாற்பது சொச்சம் வேகத்தில் அந்தக் காரின் பின்பக்கம் மெல்ல நகரும்போது, அதை ஸ்டீயரிங்கால் திருத்துவதற்கு உங்களுக்கு நேரம் இருக்கும். அதே கார் ஒட்டுப்பசை போன்ற டயரோடு வந்திருந்தால் லேப் நேரம் (ட்ராக்கை ஒரு சுற்று சுற்றும் நேரம்) குறைந்திருக்கும், அந்தப் பாடம் யாருக்கும் கிடைத்திருக்காது.

சரி, டயர் பேசுகிறது என்கிறோமே, அந்தப் பேச்சு கைக்கு எப்படி வருகிறது? இதைக் கொஞ்சம் நுணுக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஸ்டீயரிங் ஃபீல்" என்று எல்லோரும் எழுதுகிறார்களே தவிர, அது என்ன என்று விளக்குகிறவர்கள் குறைவு.

முன் டயர் திரும்பும்போது தரையைத் தொடும் ரப்பர் பரப்பு லேசாக முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு பரப்பின் முன்விளிம்பில் குறைவாகவும் பின்விளிம்பில் அதிகமாகவும் இருப்பதால், பக்கவாட்டு விசையின் மையம் பரப்பின் நடுவில் இருக்காது, கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும். அதனால்தான் சக்கரம் தானாக நேராகப் பார்க்கிறது. நீங்கள் கையில் உணரும் எடையில் ஒரு பங்கு அந்த இழுப்பு. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். பரப்பின் பின்பகுதி முதலில் நழுவ ஆரம்பிக்கும். விசையின் மையம் முன்னோக்கி நகரும். டயர் இன்னும் கூடுதல் பிடிமானம் தரக்கூடிய நிலையில் இருக்கும்போதே, ஸ்டீயரிங்கின் எடை மட்டும் குறையத் தொடங்கிவிடும். அதாவது, முன்பக்கம் விடுவதற்கு முன்பே "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்ற செய்தி கைக்கு வந்துவிடுகிறது. நல்ல ஸ்டீயரிங் உள்ள காரில் பழகியவர்கள் இதைச் சிந்திக்காமலே படிப்பார்கள். வளைவின் நடுவில் கை தானாக அரை டிகிரி தளர்ந்து கொடுக்கும்.

இந்தச் செய்தியைக் கெடுக்கும் விஷயங்கள் பல. கார் கனமானால் பவர் ஸ்டீயரிங் அதிக உதவி செய்ய வேண்டும், உதவி அதிகமானால் செய்தி மங்கும். முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தால் அந்த விசையும் இதில் கலக்கும். மிக அகலமான டயர் சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் பிடித்து இழுக்கும், அது வெறும் இரைச்சல். 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் இன்றும் இந்த விஷயத்தில் அளவுகோலாக இருப்பதற்குக் காரணம் எளிது. பசையால் ஒட்டிய அலுமினியச் சட்டம், அதன் எடை 68 கிலோதான். முழுக் காரும் 750 கிலோவுக்குள். அவ்வளவு இலேசான காருக்குப் பவர் ஸ்டீயரிங்கே தேவைப்படவில்லை. எஞ்சின் 118 குதிரைத்திறன்தான், குடும்பக் கார்களிலும் ஓடிய ரோவர் எஞ்சின். அந்த எண்ணைப் பார்த்து ஏளனம் செய்தவர்கள்கூட ஒரு மலைப்பாதையில் ஓட்டிய பிறகு எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை.

2011-ல் போர்ஷே 911, ஹைட்ராலிக் உதவியை விட்டு எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்குக்கு மாறியபோது பெரிய சலசலப்பு எழுந்தது. புதிய கார் பழையதைவிட வேகம், துல்லியம் எல்லாவற்றிலும் மேல். ஆனால் கைக்கு வரும் செய்தி குறைந்துவிட்டது என்பது பரவலான குறை. பிறகு அவர்களே அதைப் படிப்படியாகச் சரி செய்தார்கள். எலெக்ட்ரிக் என்றாலே மரத்துப்போன ஸ்டீயரிங் என்று முடிவு கட்டத் தேவையில்லை. 911-ன் ட்ராக் வகையான இன்றைய ஜிடி3-ஐ ஓட்டினால் அது புரியும்.

அடுத்தது உடல் சாய்வு. வளைவில் கார் சாய்ந்தால் அது மோசமான ஸ்போர்ட்ஸ் கார் என்று பலர் நினைக்கிறார்கள். மாஸ்டாவின் சின்ன ரோட்ஸ்டரான எம்எக்ஸ்-5 நன்றாகவே சாயும். ஆனால் எப்படிச் சாய்கிறது என்று கவனியுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே, ஒரே சீரான வேகத்தில் சாய்ந்து ஒரு இடத்தில் நிற்கிறது. எடை வெளிப்பக்க டயருக்கு மாறுவது உங்கள் இடுப்புக்குத் தெரிகிறது. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைப் பட்டென்று விடாமல் மெல்ல மெல்லத் தளர்த்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினால், மூக்கு உள்ளே இழுக்கும். பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே விட்டால் மூக்கு வெளியே தள்ளும். வலது பாதத்தில் சில மில்லிமீட்டர் அசைவு காரின் பாதையையே மாற்றுகிறது. ரேஸ் ட்ராக்குக்காக இறுக்கிய சஸ்பென்ஷனிலும் இதே எடை மாற்றம் நடக்கத்தான் செய்யும். ஆனால் அது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதைப் படித்து, அதற்குப் பதில் சொல்லத் தேர்ந்த கை வேண்டும்.

எம்எக்ஸ்-5 1989-ல் முதன்முதலில் வந்தபோதே இது திட்டமிட்டுச் செய்யப்பட்டது. 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன். அந்த எண்ணைவிட அவர்கள் அக்கறை காட்டியது வேறு இடத்தில். கியர்பாக்ஸையும், சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரே அலுமினியச் சட்டத்தால் இறுக்கிப் பிணைத்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததற்கும் பின்சக்கரம் தள்ளியதற்கும் நடுவே எதுவும் முறுக்கிக்கொண்டு நேரத்தை விழுங்கக் கூடாது என்பதற்காக. குதிரையும் வீரனும் ஓருடலாக இருப்பதைக் குறிக்கும் ஜப்பானியத் தொடர் ஒன்றைத்தான் அந்தக் காருக்குக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 2016-ல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 உருவானது. எந்த முடுக்கப் போட்டியிலும் ஜெயிக்காத கார் அது.

எஞ்சின் விஷயத்தில் டர்போவை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். டர்போ எஞ்சினில் முறுக்குவிசை சீக்கிரமே உச்சத்துக்கு வந்து சமமாக நீளும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் (ஆர்பிஎம்) ஓடினாலும் 5,000-ல் ஓடினாலும் ஒரே தள்ளல். கியர் எதில் இருந்தாலும் கார் போகும். அப்படியானால் சரியான கியரைத் தேர்ந்தெடுத்த திறமைக்கு அங்கே பரிசு இல்லை. 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000-ஐப் பாருங்கள். டர்போ இல்லாத இரண்டு லிட்டர் எஞ்சின், ஜப்பானில் 250 குதிரைத்திறன், சிவப்புக் கோடு (எஞ்சினைச் சுழற்றக்கூடிய உச்ச எல்லை) 9,000 ஆர்பிஎம். ஆறாயிரத்துக்குக் கீழே அது சாதுவான கார். ஆறாயிரத்தைத் தாண்டினால் வால்வுகளின் இயக்கம் மாறி, சத்தம் மாறி, தள்ளல் மாறும். அந்த 3,000 ஆர்பிஎம் ஜன்னலுக்குள் எஞ்சினை வைத்திருப்பது முழுக்க முழுக்க உங்கள் பொறுப்பு. வைத்திருந்தால் பலன் உடனே கிடைக்கும், தவறவிட்டால் அதுவும் உடனே தெரியும்.

கியர் விகிதம் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 2015-ல் போர்ஷே கேமன் ஜிடி4 மேனுவல் கியரோடு மட்டுமே வந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். எல்லா வகையிலும் அருமையான கார். ஆனால் அதன் இரண்டாவது கியர் 130 கிலோமீட்டருக்கும் மேலே போகும். சாலையில் முதல் கியரை விட்டு இரண்டாவது போட்டால், சட்டத்துக்கு உட்பட்டு மூன்றாவது போடுவதற்கு வழியே இருக்காது. இன்றைய எம்எக்ஸ்-5 இரண்டு லிட்டர் காரில் இரண்டாவது கியர் 100-ஐ ஒட்டி முடிந்துவிடும். அதனால் சாதாரண மலைப்பாதையிலேயே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கை ஓயாது.

அந்தக் கை வேலை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கியரில் வந்து, வளைவுக்கு முன் 60-க்குக் குறைத்து, இரண்டாவதுக்கு மாற வேண்டும். 60-ல் மூன்றாவது கியரில் எஞ்சின் சுமார் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும். இரண்டாவதில் 4,400 வேண்டும். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியபடியே இருக்க, கிளட்சை மிதித்து, அதே பாதத்தின் வெளிவிளிம்பால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி எஞ்சினை 4,400-க்குக் கொண்டுவந்து, கியரைப் போட்டு, கிளட்சை விட வேண்டும். எண் பொருந்தினால் கார் ஒரு துளியும் அதிராது. பொருந்தவில்லை என்றால் முதுகில் ஒரு குத்து விழும். இதற்கு நடுவில் பிரேக் அழுத்தம் மாறக் கூடாது. இவ்வளவும் ஒரு வினாடிக்குள். இதை, இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் ட்யூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் கண் சிமிட்டும் நேரத்துக்குள், ஒரு தடவைகூடப் பிழையில்லாமல் செய்துவிடும். வேகத்துக்கு அதுவே சரி. ஆனால் தானே செய்து பொருந்த வைத்தவருக்குக் கிடைக்கும் நிறைவு அதில் கிடையாது.

இந்தச் சண்டை ஏற்கெனவே ஒருமுறை வெளிப்படையாகவே நடந்து தீர்ப்பும் வந்துவிட்டது. 2013-ல் போர்ஷே 911 ஜிடி3 காரை ட்யூயல் கிளட்ச்சோடு மட்டுமே கொண்டுவந்தது. லேப் நேரம்தான் காரணம். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2016-ல் அதே நிறுவனம் 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் மட்டும் தயாரித்தது. நாலு லிட்டர், 500 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பெரிய பின் இறக்கை கிடையாது. மொத்தமும் உடனே விற்றுத்தீர்ந்து, மறுவிற்பனையில் விலை பல மடங்கு ஏறியது. 2017-ல் ஜிடி3-க்கே மேனுவல் திரும்பி வந்தது. நிறுவனத்தின் சொந்தக் கணக்குப்படி 0-100 நேரம் ட்யூயல் கிளட்ச்சில் 3.4 வினாடி, மேனுவலில் 3.9. அரை வினாடி மெதுவானது என்று தெரிந்தே வாங்கினார்கள். அவர்களில் யாரும் வேகமானதை வாங்க வசதி இல்லாதவர்கள் அல்ல. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் மேனுவல் இருந்தால்தான் சுகம் என்று இதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். 2017-ல் வந்த ஆல்ப்பின் ஏ110 ட்யூயல் கிளட்ச்சோடு மட்டுமே வந்தது, டர்போ எஞ்சின் வேறு. இருந்தும் கடந்த சில ஆண்டுகளில் வந்த கார்களில் ஓட்ட மிகச் சுகமானவற்றில் அதுவும் ஒன்று. 1,100 கிலோ அளவு எடை, நடுவில் எஞ்சின், 252 குதிரைத்திறன், மிதமான அகலமுள்ள டயர், மென்மையான ஸ்பிரிங். எடையைக் குறைத்ததால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்பிரிங்கை இறுக்காததால் மோசமான சாலையிலும் டயர் தரையை விட்டு எழும்பாமல் ஓடுகிறது. ஓட்டுபவருக்குச் செய்ய ஒரு வேலை குறைந்திருக்கிறது, ஆனால் மற்ற எல்லா வேலைகளுக்கும் கார் தெளிவாகப் பதில் சொல்கிறது.

எடையைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. 1980-களின் பிஎம்டபிள்யூ எம்3 ஏறக்குறைய 1,200 கிலோ, 200 குதிரைத்திறன். 2024-ல் வந்த எம்5 2,400 கிலோவுக்கு மேல், 727 குதிரைத்திறன். புதியது எந்த ட்ராக்கிலும் பழையதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். குதிரைத்திறனைக் கொண்டு எடையை முடுக்கத்தில் மறைக்கலாம். திசை மாறும்போதும் பிரேக் போடும்போதும் மறைக்க முடியாது.

இனி அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கும் கூபேயின் வகையில் மிகப் புகழ்பெற்றது நிஸ்ஸான் ஜிடி-ஆர். 2007-ல் வந்தது. 3.8 லிட்டர் இரட்டை டர்போ, பின்னால் பொருத்திய ட்யூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், 1,740 கிலோ எடை. 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கை 2008-ல் 7 நிமிடம் 29 வினாடியில் சுற்றியது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கார்கள் அந்த நேரத்தைப் பார்த்து வாயடைத்து நின்றன. யாரும், எங்கும், எப்போதும் ஓட்டக்கூடிய சூப்பர் கார் என்பதே அதன் நோக்கம், அதை அது நிறைவேற்றியது. மழையில், தெரியாத சாலையில், அசாத்திய வேகத்தில் நம்பிக்கையோடு போக முடிவது தனிச் சுகம்தான். அதோடு, அதை வெறும் கம்ப்யூட்டர் விளையாட்டு என்பவர்கள் ட்ராக்கில் ஓட்டியதில்லை என்று நினைக்கிறேன். எல்லையை ஒட்டி ஓட்டும்போது அந்தக் கார் உயிர் பெறும். முன்பக்கம் தள்ள ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரை எப்போது கொடுப்பது என்பதில் பெரிய நுணுக்கம் இருக்கிறது. ஆனால் அந்த எல்லையைச் சந்திக்க ட்ராக் வேண்டும், நல்ல கை வேண்டும், டயருக்கும் பிரேக்குக்கும் செலவழிக்கத் துணிவு வேண்டும்.

மெதுவாக இருப்பது தன்னளவில் ஒரு சிறப்பு என்று நினைப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் எஞ்சின், இரண்டு லேப்பில் சூடேறிப் பெடல் பஞ்சாகிப்போகும் பிரேக், இவற்றில் எந்தச் சுகமும் இல்லை. ஓட்டுபவர் கேட்டதைக் கார் கொடுக்க வேண்டும், திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அந்த அளவு திறன் அவசியம். அதற்கு மேலே கூட்டிக்கொண்டு போவதில்தான் கேள்வியே எழுகிறது.

இரண்டையும் ஒரே காரில் சேர்க்க முடியுமா? முடியும், பெரும் செலவில். கார்டன் மர்ரி வடிவமைத்த மெக்லாரன் எஃப்1, 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டர் ஓடி, விற்பனைக்குத் தயாரித்த கார்களில் உலக சாதனை செய்தது. ஆனால் அது சாதனைக்காகச் செய்த கார் இல்லை. ஓட்டுபவர் நடுவில் உட்காருகிறார், பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, எடை 1,140 கிலோ அளவு. மர்ரி ஓட்டுபவருக்காகக் காரைச் செய்தார், வேகம் அதன் கூடவே வந்தது. 2020-ல் அவர் அறிமுகப்படுத்திய டி.50 இன்னும் தெளிவாக அதே வழியில் போனது. 986 கிலோ, 12,100 ஆர்பிஎம் வரை சுழலும் வி12, மேனுவல் கியர். லேப் நேரமோ உச்ச வேகமோ தன் இலக்கே அல்ல என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

எலெக்ட்ரிக் கார்கள் இந்த விவாதத்தைக் கூர்மையாக்கியிருக்கின்றன. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் 1,000 குதிரைத்திறனைத் தாண்டிய குடும்பக் கார். நேர்கோட்டு முடுக்கத்தில் பழைய சூப்பர் கார்கள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. முடுக்கம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்போது அதற்கென்று தனி மதிப்பு வைப்பது கஷ்டம். இதை ஹூண்டாய் நன்றாகவே புரிந்துகொண்டது. அவர்களுடைய ஐயானிக் 5 என் காரில் எட்டு கியர் இருப்பதுபோல் பாசாங்கு செய்யும் வசதி உண்டு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள கியர் பேடிலைத் தட்டாமல் விட்டால் பொய்யான சிவப்புக் கோட்டில் முட்டி நிற்கும், தவறான கியரில் இருந்தால் இழுக்காது. அதை அணைத்தால் கார் இன்னும் வேகமாகப் போகும். இருந்தும் ஓட்டியவர்களில் நிறையப் பேர் அதை ஆனிலேயே வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அப்போது அவர்களுக்கு வளைவுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது, வேகம் எவ்வளவு என்பதைக் காதே சொல்கிறது.

இப்போது உங்கள் தேர்வு. மாதத்தில் பல நாள் சாலையில், எப்போதாவது ட்ராக்கில் என்றால் ரோட்ஸ்டரை எடுங்கள் என்பதே என் யோசனை. மாறாக, வருடத்தில் பல நாள் ட்ராக்குக்குப் போவேன், பயிற்றுநர் வைத்துக் கற்பேன், நீண்ட தூரம் நெடுஞ்சாலையில் பயணமும் உண்டு என்றால் கூபே உங்களை ஏமாற்றாது. அது எடையும் சக்தியும் மிகுந்த கார் என்பதால் டயரையும் பிரேக் பேடையும் வேகமாகத் தின்னும், கியர்பாக்ஸ் ஆயிலைத் தவறாமல் மாற்றிய பதிவு கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓட்ட வேண்டாம். நாற்பது, ஐம்பது வேகத்தில் ஒரு ரவுண்டானாவைச் சுற்றும்போது ஸ்டீயரிங்கின் எடை கூடுகிறதா, சீராகக் கூடுகிறதா என்று கவனியுங்கள். பிரேக்கை லேசாக அழுத்தும்போது காலின் அழுத்தத்துக்கு ஏற்பக் கார் குறைகிறதா, இல்லை முதல் தொடுதலிலேயே வெடுக்கென்று பிடிக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி கொடுத்து எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், தாமதம் இருந்தால் அங்கேயே தெரியும். பிரேக் பெடலும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே பாதத்துக்கு எட்டும் இடைவெளியில் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். இவ்வளவையும் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பழைய கார் என்பதால் ஒன்று: சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்து, ஷாக் அப்சார்பர் தளர்ந்துபோயிருந்தால் எம்எக்ஸ்-5கூட மந்தமான கார்போல் தெரியும். அதை வைத்து மாடலையே தள்ளிவிடாதீர்கள், விலையில் பேசிக் குறைத்துப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ரோட்ஸ்டரையே எடுத்தால், கையில் மிஞ்சும் பணத்தை எஞ்சினில் போடாதீர்கள். நல்ல பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், துல்லியமான வீல் அலைன்மென்ட், ஒரு நாள் பயிற்றுநரோடு ட்ராக், இந்த வரிசையில் செலவழியுங்கள். அழகுக்காகப் பெரிய சக்கரமும் அகல டயரும் மாட்டச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல டயர் போடுங்கள்.